ஓட்டைக்குச் சக்குபந்தி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இட்லி இன்னும் வேகாத நேரத்தில், நண்பர் ஒருவர் கையில் நாலு தாளோடு வாசலில் வந்து நின்றார். தொழில், பேட்டன்ட் ஏஜென்ட். அதாவது, யாராவது எதையாவது கண்டுபிடித்தால், அதை யாருக்கும் புரியாத மொழியில் எழுதித் தருகிறவர். (இப்படிச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். உண்மை என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வரும்.)

"நீங்க எழுதுற ஆளாச்சே. இதைப் படிச்சிட்டு என்ன புரியுதுன்னு சொல்லுங்க" என்றார்.

படித்தேன். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் இறக்கினால் ஏறக்குறைய இப்படி வரும்: 'தீயை அணைக்கும் நாசில் ஒன்று. அது கணிசமான அளவு கூம்பு வடிவிலான ஒரு முனையையும், அம்முனையில் தகுந்த எண்ணிக்கையில் அமைந்த ஓட்டைகளையும் கொண்டது. மேற்படி வால்வு திறந்ததும் மேற்படி ஓட்டைகளின் வழியே நீர் நுண்ணிய துளிகளாகத் திறம்படப் பீய்ச்சப்படும்.'

மேற்படி வால்வா? எந்த மேற்படி வால்வு? அதற்கு முன்னால் வால்வு என்ற பேச்சே இல்லையே! கல்யாணப் பத்திரிகையில் பெயரே இல்லாத ஒரு மாமா, முகூர்த்த நேரத்தில் மேடையேறி மாப்பிள்ளை தோளில் கை போட்ட மாதிரி இருந்தது.

"சரி, தகுந்த எண்ணிக்கைன்னா எத்தனை?" என்று கேட்டேன். நண்பர் பெருமூச்சு விட்டார்.

"கண்டுபிடிச்சவர் கோயமுத்தூர்க்காரர். சொந்தப் பட்டறை. அவர் நாசில்ல பதினோரு ஓட்டை. அப்படியே எழுதிடலாமான்னா, 'ஏனுங் சார், பதினொண்ணுன்னு எழுதினா பக்கத்துப் பட்டறைக்காரன் பன்னெண்டு போட்டுட்டுப் போயிருவானுங்களே'ங்கறார். சரிங்க, பத்துலேர்ந்து இருபது வரைக்கும்னு போட்டுக்கலாமான்னேன். 'அப்ப இருபத்தொண்ணு போடுவானுங்க'ங்கறார்."

யோசித்துப் பார்த்தால், அவர் வாதத்தில் ஓட்டையே இல்லை. எல்லாம் நாசிலில்தான்.

இந்தக் கோவை அண்ணனைப் பார்த்து யாரும் சிரித்துவிட வேண்டாம். அவருக்கு முன்னால் 300 வருடமாக, 'சர்' பட்டம் வாங்கியவர்கள், பாராளுமன்ற உறுப்பினர்கள், சரித்திரப் புத்தகத்தில் மீசை முறுக்கி நிற்கிறவர்கள் எல்லாம் இதே ஓட்டையில் கால் விட்டுத்தான் விழுந்திருக்கிறார்கள். சிலர் தலைகுப்புற.

சங்கதி இதுதான். காப்புரிமை என்பது அடிப்படையில் ஒரு பண்டமாற்று. உன் ரகசியத்தை ஊருக்குச் சொல், பதிலுக்கு 20 வருடம் வேறு எவனும் அதில் கை வைக்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்கிறது அரசாங்கம். இதற்கு இரண்டு காரியம் எழுத வேண்டும். ஒன்று விவரணை. அது சமையல் குறிப்பு மாதிரி. படித்துவிட்டு இன்னொரு சமையல்காரர் அதே குழம்பை வைக்க முடிய வேண்டும். இன்னொன்று கிளெய்ம். கிரயப் பத்திரத்தில் 'வடக்கே முனுசாமி புஞ்சை, கிழக்கே வண்டிப்பாதை' என்று சக்குபந்தி வருமே, அது. நம்முடைய 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், 10-ஆவது பிரிவில், கிளெய்ம் தெளிவாக இருக்கணும், சுருக்கமாக இருக்கணும், விவரணையில் சொன்னதற்கு நியாயமாகப் பொருந்தணும் என்று மூன்றே சொல்லில் முடித்துவிட்டது.

மனித சுபாவமோ இதற்கு நேர் எதிர். சமையல் குறிப்பில் 'மசாலா, தேவையான அளவு' என்று மறைத்துவிட்டு, சக்குபந்தியில் 'கிழக்கே வங்காள விரிகுடா' என்று எழுதத்தான் அதற்குக் கை துறுதுறுக்கும்.

தீயணைக்கும் வம்சத்தின் மூத்தவரிடமிருந்தே ஆரம்பிப்போம். ஆம்புரோஸ் காட்ஃப்ரே. ஜெர்மனியில் பிறந்து, லண்டனுக்கு வந்து ராபர்ட் பாயிலிடம் உதவியாளராகச் சேர்ந்தவர். ஆமாம், பள்ளிக்கூடத்தில் நம்மைப் படுத்தியெடுத்த பாயில் விதியின் அதே பாயில். காட்ஃப்ரேவுக்கு அங்கே என்ன வேலை? பாஸ்பரஸ் தயாரிப்பது. அந்தக் காலத்தில் பாஸ்பரஸை எதிலிருந்து எடுத்தார்கள்? மனிதச் சிறுநீரிலிருந்து. ஒரு சொம்பு இரண்டு சொம்பு அல்ல, பீப்பாய்க் கணக்கில். அறிவியலுக்காக உயிரைக் கொடுத்தவர்களைப் படித்திருக்கிறோம். மூக்கைக் கொடுத்தவர் இவர்.

அப்புறம் சொந்தத் தொழில் தொடங்கி, காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் அந்தச் சரக்கை ஐரோப்பா முழுக்க விற்று வசதியாகிவிட்டார். ஊருக்கெல்லாம் நெருப்பு சப்ளை செய்த மனிதர், 1723-ல் தீயணைக்கும் கருவிக்குக் காப்புரிமை வாங்குகிறார். ரோட்டில் ஆணியும் அவரே, பஞ்சர் கடையும் அவரே!

கருவி எப்படி? ஒரு பீப்பாய் நிறைய தீயணைக்கும் திரவம். நடுவே பியூட்டர் உலோகத்தில் ஒரு சின்ன அறை, அதற்குள் வெடிமருந்து. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் திரி. திரியில் நெருப்புப் பிடித்தால் பீப்பாய் வெடித்துத் திரவம் நாலாபக்கமும் சிதறும். சுருக்கமாகச் சொன்னால், தீயை அணைக்க வீட்டுக்குள் ஒரு வெடிகுண்டு. நாசில் எங்கே என்று தேடாதீர்கள். முழுப் பீப்பாயும் நாசில்தான், ஆனால் ஒரே ஒரு தடவைக்கு.

விவரணை எழுதித் தர வேண்டும் என்கிற வழக்கமே இங்கிலாந்தில் அப்போதுதான் மெல்லத் தவழ்ந்துகொண்டிருந்தது. அதுவரை ராஜ முத்திரை குத்திய காகிதத்தில் கண்டுபிடிப்பின் பெயர் இருந்தால் போதும். உள்ளே என்ன இருக்கிறது என்பது கண்டுபிடித்தவருக்கும் கடவுளுக்கும் மட்டுமே வெளிச்சம். தீ இன்சூரன்ஸ் தொழிலில் முன்னோடியான சார்லஸ் போவி என்பவர் வேறு, தண்ணீர்க் குண்டு என் சரக்காக்கும் என்று கிளம்பினார். சக்குபந்தி இல்லாத புறம்போக்கில் இரண்டு பேர் வேலி போட வந்தால் என்ன நடக்கும் என்று நம் கிராமங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா!

சரி, தெளிவாக எழுதியவர் ஒருத்தர்கூட இல்லையா? இருந்தார். ஜேம்ஸ் பக்கிள். நோட்டரி உத்தியோகம் பார்த்த லண்டன்வாசி. 1718-ல் ஒரு சுழல் துப்பாக்கிக்கு அவர் வாங்கிய காப்புரிமைக்கு எண் 418. படம், பாகங்களின் பட்டியல் எல்லாம் போட்டுக் கண்ணாடி மாதிரி எழுதினார். அதில் ஒரு விவரம்: எதிரி கிறிஸ்தவர் என்றால் உருண்டைக் குண்டு, துருக்கியர் என்றால் சதுரக் குண்டு. இதைவிடத் தெளிவு உலகத்தில் உண்டா? ஆனால் ஓடி வருகிற எதிரியை நிறுத்தி, "ஐயா, தாங்கள் எந்த மதம்?" என்று விசாரித்துவிட்டா சுடுவது? துப்பாக்கி விலைபோகவில்லை. இதில் அடிபட்டவர்கள் பங்கு வாங்கியவர்கள் மட்டும்தான் என்று அந்தக் காலத்துச் சீட்டுக்கட்டு ஒன்றிலேயே அச்சடித்து நக்கலடித்தார்கள்.

1778-ல் மான்ஸ்ஃபீல்டு பிரபு என்ற நீதிபதி, சுவர்ப் பூச்சு வழக்கு ஒன்றில் மேஜையைத் தட்டினார். விவரணையைப் படித்துவிட்டு அந்தத் தொழில் தெரிந்த இன்னொருவர் அதைச் செய்ய முடிய வேண்டும், இல்லாவிட்டால் காப்புரிமை செல்லாது என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்போது ஒரு பெரிய மனிதருக்குத் தொண்டையில் முள் சிக்கியது.

அவர் ரிச்சர்டு ஆர்க்ரைட். பஞ்சு ஆலைகளின் பிதாமகர். பாடப்புத்தகத்தில் தொழிற்புரட்சியைத் தொடங்கிவைக்கிறவர். ஆரம்பத்தில் போல்டன் ஊரில் முடிதிருத்தும் கடை வைத்து, விக் செய்து விற்றவர். 1775-ல் பஞ்சு கொட்டும் இயந்திரங்களுக்கு ஒரு காப்புரிமை வாங்கினார். அந்த விவரணையில் முதல் அயிட்டமே என்ன தெரியுமா? சணல் அடிக்கும் சுத்தியல்! பஞ்சு நூற்பதில் அந்தச் சுத்தியலுக்கு ஒரு வேலையும் கிடையாது. படிக்கிறவன் வழி தவறிப் போகட்டும் என்று வாசலிலேயே வைத்த திருஷ்டிப் பூசணி அது.

1781-ல் விவரணை புரியவில்லை என்று வழக்கில் தோற்றார். மனிதர் அசந்தாரா? ஆமாம், தெரிந்துதான் மழுப்பினேன், வெளிநாட்டுக்காரன் திருடிவிடக் கூடாதே என்ற தேசபக்தி என்று ஒரே போடாகப் போட்டார். அதாவது, பிரெஞ்சுக்காரனுக்குப் புரியக் கூடாது என்பதற்காக இங்கிலாந்துக்காரனுக்கும் புரியாமல் எழுதினாராம். 1785 பிப்ரவரியில் இன்னொரு வழக்கு. அதில் ஜேம்ஸ் வாட்டே வந்து இவர் பக்கம் சாட்சி சொன்னார். (வாட்டுக்குச் சொந்தக் கவலை. அவருடைய நீராவி இயந்திரக் காப்புரிமையில் ஒரு படம்கூடக் கிடையாது.) ஆர்க்ரைட் ஜெயித்தார். அதே வருடம் ஜூனில் காப்புரிமையையே ரத்து செய்துவிட்டார்கள்.

அடுத்த வருடம் அரசாங்கம் அவருக்கு சர் பட்டம் கொடுத்தது. ஐம்பது வயதுக்கு மேல் தினமும் நேரம் ஒதுக்கி ஆங்கில இலக்கணம் படித்தார் என்றும் சொல்வார்கள். விவரணையை எழுதுவதற்கு முன்னால் படித்திருக்கலாம்.

ஆர்க்ரைட் கிளப்பிவிட்ட ஆலைகளில் காற்றெல்லாம் பஞ்சுத் தூசி, தரையெல்லாம் எண்ணெய், வெளிச்சத்துக்குத் திறந்த விளக்கு. எரியாமல் என்ன செய்யும்? ஆனால் தண்ணீர்க் குழாயை முதலில் தேடி ஓடியவர்கள் ஆலை முதலாளிகள் அல்ல, நாடகக்காரர்கள்.

லண்டன் ட்ரூரி லேன் தியேட்டரின் சொந்தக்காரர் ரிச்சர்டு ஷெரிடன். நாடக ஆசிரியர், பாராளுமன்றப் பேச்சாளர், கடன்காரர். 1794-ல் புதுக் கட்டடம் திறந்தபோது, எங்கள் தியேட்டர் எரியவே எரியாது என்பதற்கு மேடையிலேயே டெமோ காட்டினார்கள். முதலில் இரும்புத் திரை. அதைச் சுத்தியலால் டங்கென்று அடித்துக் காட்டினார்கள். பிறகு திரை உயர்கிறது. பின்னால் பார்த்தால் நிஜத் தண்ணீரில் ஒரு ஏரி! அதில் ஓர் ஆள் படகு விடுகிறார்! எங்களிடம் இருக்கும் தண்ணீருக்கு நெருப்பு கிட்டே வருமா என்கிற பாணியில் நடிகை ஒருவர் கவிதை வேறு சொன்னார். கூரையில் தொட்டி தொட்டியாகத் தண்ணீர். நம் ஊர் அபார்ட்மென்ட் விளம்பரத்தில் நீச்சல் குளம் காட்டுவார்களே, அந்த மாதிரி.

1809 பிப்ரவரி 24. தியேட்டர் தரைமட்டமாக எரிந்தது.

ஷெரிடன் பக்கத்துக் காபி கிளப்பில் உட்கார்ந்து, தன் சொத்து எரிவதைப் பார்த்துக்கொண்டே ஒயின் குடித்தாராம். எப்படி இவ்வளவு நிதானமாக இருக்கிறீர்கள் என்று கேட்ட நண்பரிடம், ஒரு மனுஷன் தன் சொந்த அடுப்போரமாக உட்கார்ந்து ஒரு கிளாஸ் குடிக்கக் கூடாதா என்றாராம். இந்தக் கதை உண்மையாக இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொள்வதுண்டு. அந்தக் கட்டடத்தில் எரியாமல் மிஞ்சியது இந்த ஒரு வசனம்தான்.

மறுபடி கட்ட வேண்டும், இந்தத் தடவை நிஜமாகவே எரியக் கூடாது. யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? வில்லியம் காங்கிரீவை. இந்தப் பெயரை எங்கோ கேட்டிருக்கிறோமே என்றால், ஆமாம், ராக்கெட் காங்கிரீவ்தான்! 1780-ல் நம் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துப் புள்ளலூரில், ஹைதர் அலி, திப்புவின் மைசூர் ராக்கெட் ஒன்று ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகளைப் பற்றவைத்து அவர்கள் படையையே குலைத்தது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு அந்த ராக்கெட்டுகள் சில இங்கிலாந்துக்குப் போயின. அவற்றைப் பார்த்து, நோண்டி, பெரிதாக்கித் தன் பெயரை ஒட்டியவர் காங்கிரீவ். 1807-ல் கோபன்ஹேகன் நகரத்தை எரித்ததில் அவருடைய ராக்கெட்டுகளுக்கும் பங்கு உண்டு. அமெரிக்க தேசிய கீதத்தில் செக்கச்செவேலென்று பாய்கிற ராக்கெட்டும் அவர் சரக்குதான்.

ஊரை எரிக்கும் கலையில் அதற்கு மேல் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்று ஆனதும், 1812-ல் தீயணைக்கும் முறைக்கு அவர் ஒரு காப்புரிமை வாங்கினார். காட்ஃப்ரேவின் ஆவி எங்கோ சிரித்திருக்கும்.

ஆனால் இந்தத் தடவை சரக்கு இருந்தது. ட்ரூரி லேனில் சுமார் 95,000 லிட்டர் கொள்ளும் காற்றுப் புகாத உருளைத் தொட்டி. பத்து அங்குலப் பெருங்குழாய். அதிலிருந்து தியேட்டரின் மூலை முடுக்கெல்லாம் கிளைக்குழாய்கள். அவற்றில் வரிசையாக ஓட்டைகள், அரை அங்குலம். பாருங்கள், கிட்டத்தட்ட நூறு வருடத்துக்குப் பிறகு ஒருவழியாக ஓட்டைக்கு அளவு வந்துவிட்டது! எனக்கே கண் கலங்கியது.

ஒரே ஒரு சிக்கல். நெருப்பு வந்தால் யாராவது ஓடிப்போய் வால்வைத் திறக்க வேண்டும். அந்த 'யாராவது' எங்கே இருப்பார், தூங்குவாரா, டீ குடிக்கப் போயிருப்பாரா என்பதெல்லாம் எந்தக் காப்புரிமையிலும் எழுதப்படுவதில்லை. இவருக்கு முன்னால், 1806-லேயே, ஜான் கேரி என்பவர் இதற்கு ஒரு வழி சொல்லியிருந்தார். வால்வைக் கயிற்றால் கட்டி மூடி வை; தீப்பிடித்தால் கயிறு எரியும், வால்வு திறக்கும், பூவாளியில் கொட்டுகிற மாதிரி தண்ணீர் கொட்டும். அருமையான யோசனை. ஆனால் எலிக்கும் அது அருமையான யோசனையாகத் தோன்றியிருக்கக்கூடும்.

காங்கிரீவை இத்துடன் விட மனசில்லை. மனிதருக்குத் தன் மூளை மேல் அபார நம்பிக்கை. கோலிக்குண்டு ஒன்று சாய்வுத் தட்டில் வளைந்து வளைந்து உருண்டு நேரம் காட்டும் கடிகாரம் ஒன்றைச் செய்தார். பார்க்க அவ்வளவு அழகு. நேரம் மட்டும் சரியாகக் காட்டாது. கடைசிக் காலத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், நிற்காமல் தானே ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தையே கண்டுபிடித்துவிட்டேன் என்றார். மூன்று உருளை, அதைச் சுற்றி ஸ்பாஞ்சால் ஒரு பெல்ட், ஸ்பாஞ்சின் மேல் எடைச் சங்கிலி, அடியில் தண்ணீர். ஒரு பக்கம் ஸ்பாஞ்ச் தண்ணீர் குடித்துக் கனக்கும். மறுபக்கம் சங்கிலி பிழிந்துவிடும், லேசாகும். ஆகவே ஊழிக்காலம் வரை சுற்றும். விவரணை பிரமாதம். படம் பிரமாதம். இயற்பியல் ஒன்றுதான் ஒத்துழைக்கவில்லை. கடைசியில் பங்குக் கம்பெனி மோசடி விவகாரத்தில் சிக்கி, பிரான்சுக்கு ஓடி, 1828-ல் துலூஸ் நகரத்தில் கண்ணை மூடினார்.

அதற்குப் பிறகு வில்லியம் ஃபிலிப்ஸ் என்று ஓர் ஆங்கிலேயர். தண்ணீரா? சேச்சே, அதெல்லாம் பழைய பஞ்சாங்கம் என்று, ரசாயனத்தைக் கிளறி ஆவியும் வாயுவும் கிளப்பும் 'ஃபயர் அனிஹிலேட்டர்' என்ற டப்பாவைச் செய்தார். பெயரைப் பாருங்கள், தீயை அணைப்பதல்ல, நிர்மூலம் செய்வது! அமெரிக்காவில் அதை விற்கத் துணை நின்றவர் யார்? உலகத்தின் ஆகப் பெரிய விளம்பரப் புலி, சர்க்கஸ் பி.டி.பார்னம். 1851 கடைசியில் நியூயார்க்கில் ஒரு வீட்டைக் கட்டி, எரித்து, அணைத்துக் காட்டும் விழா வைத்தார்கள். விழா கலாட்டாவில் முடிந்தது, வீடு சாம்பலில் முடிந்தது. இங்கிலாந்தில் அந்த நிர்மூலக் கருவியைச் செய்த தொழிற்சாலையும் தீப்பிடித்து எரிந்து போனது. டப்பாக்கள் உள்ளேதான் இருந்தன.

பார்னமின் நியூயார்க் அருங்காட்சியகம் 1865-ல் எரிந்தது. மறுபடி வைத்தார். 1868-ல் அதுவும் எரிந்தது. நெருப்புக்கு இவரைப் பிடித்துப்போயிருக்க வேண்டும்.

கடைசியில் விஷயத்தை முடித்துவைத்தவர் ராக்கெட்காரரும் இல்லை, சர்க்கஸ்காரரும் இல்லை. பியானோ முதலாளி! அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரத்தில் பியானோ தொழிற்சாலை வைத்திருந்த ஹென்றி பார்மலீ. சொந்தத் தொழிற்சாலை எரிந்துவிடக் கூடாதே என்கிற பயத்தில் 1874-ல் அவர் ஒரு ஸ்பிரிங்ளருக்குக் காப்புரிமை வாங்கினார். சரக்கு இவ்வளவுதான்: ஓட்டைகள் உள்ள ஒரு குமிழ், அதை மூடிப் பித்தளைத் தொப்பி, தொப்பியை ஒட்டியிருப்பது குறைந்த சூட்டிலேயே உருகும் ஈயப் பற்று. நெருப்பு வந்தால் பற்று உருகும், உள்ளே முட்டிக்கொண்டிருக்கும் தண்ணீர் தொப்பியைத் தள்ளிவிட்டுப் பாயும். யாரும் ஓட வேண்டாம், கயிறு வேண்டாம். நெருப்பு தன் எமனைத் தானே போன் போட்டு அழைக்கிற ஏற்பாடு.

ஆனால் இதிலும் ஒரு குறும்பு ஒளிந்திருந்தது. காகிதக் கப்பில் தண்ணீர் ஊற்றி மெழுகுவர்த்தி மேல் காட்டிப் பாருங்கள். தண்ணீர் சுடும், காகிதம் எரியாது. உள்ளே இருக்கும் தண்ணீர் சூட்டை இழுத்துக்கொண்டு காகிதத்தைக் காப்பாற்றும். அதேபோல் பார்மலீயின் பற்றுக்குப் பின்னாலேயே குழாய்த் தண்ணீர் ஜில்லென்று நின்றது. வெளியே நெருப்பு வா வா என்கிறது, உள்ளே தண்ணீர் போகாதே போகாதே என்கிறது. பற்று உருகத் தாமதம்.

இந்தக் குடும்பச் சண்டையைத் தீர்த்தவர் ராட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரத்து ஃபிரெடரிக் கிரின்னல். பார்மலீயின் சரக்கை உரிமம் வாங்கிச் செய்தவர். 1881-ல் அவர் செய்தது, அந்தப் பற்றைத் தண்ணீரிடமிருந்து தள்ளிவைத்தது. அவ்வளவுதான்! அதோடு தண்ணீரைப் பிரித்தடிக்கப் பல்சக்கரம் மாதிரி ஒரு சின்னத் தகடு. 1890-ல் கண்ணாடித் தட்டு மூடி. ராக்கெட், ஏரி, படகு, வெடிமருந்து, ஸ்பாஞ்ச் எல்லாம் போன பிறகு நின்றது எது? தண்ணீருக்கும் ஈயப் பற்றுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி. கிரின்னல் இந்த மாதிரி விரற்கடைகளுக்கு ஏறத்தாழ 40 காப்புரிமை சேர்த்தார்.

அடுத்த தடவை மாலுக்குப் போனால் விட்டத்தைப் பாருங்கள். சின்னப் பித்தளை முனை, அதன் நடுவில் சிவப்புத் திரவம் நிரம்பிய ஒரு கண்ணாடிக் குப்பி, கீழே பல் பல்லாக ஒரு தகடு. சிவப்பு என்றால் 68 டிகிரியில் உடையும். ஆரஞ்சு 57, மஞ்சள் 79, பச்சை 93. சமையற்கட்டுப் பக்கம் பச்சையோ மஞ்சளோ வைக்கிறார்களே, அது அழகுக்காக அல்ல. தோசைக்கல் சூட்டுக்கெல்லாம் மழை பெய்துவிடக் கூடாது பாருங்கள்.

ஆக, அடக்கமாகக் கேட்டவர்கள் பிழைத்தார்கள். வானத்தைக் கேட்டவர்கள்? தந்தி மோர்ஸ் தன் எட்டாவது கிளெய்மில், மின்காந்த சக்தியைக் கொண்டு தூரத்தில் எழுத்துப் பதிக்கிற எந்த முறையும் தன்னுடையதே, இனிமேல் கண்டுபிடிக்கப் போவதும் சேர்த்து என்று எழுதினார். 1854-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐயா, அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு வாருங்கள் என்றது. பல்பு விஷயத்தில் சாயர், மேன் என்ற இருவர், நாரும் நூலும் எதுவானாலும் கரியாக்கினால் அந்த இழை எங்களுடையது என்றார்கள். எடிசன் கட்சி 6,000-க்கு மேற்பட்ட தாவரங்களைச் சோதித்துவிட்டு வந்து, இதில் முக்காலே மூணுவீசம் வேலைக்கே ஆகாது, மூங்கில்தான் தேறியது என்றது. ஆறாயிரத்தையும் கேட்டவர்களுக்கு 1895-ல் ஒன்றும் கிடைக்கவில்லை.

அதற்காக ஒரே சொல்லில் சிக்கெனப் பிடித்து எழுதினால் மட்டும் நிம்மதியா? வீட்டு லின்டல் ஒன்றின் கிளெய்மில், பின் தகடு 'செங்குத்தாக' நிற்கும் என்று எழுதியிருந்தார்கள். போட்டிக் கம்பெனி அதை ஆறு டிகிரி, எட்டு டிகிரி சாய்த்துவிட்டு, எங்களுடையது செங்குத்து இல்லையே, சாய்ந்துதானே இருக்கிறது என்றது. நம் பன்னிரண்டாவது ஓட்டைக்காரர் இங்கிலாந்திலும் இருந்திருக்கிறார்! வழக்கு பிரபுக்கள் சபை வரை போய், 1980-ல் தீர்ப்பு வந்தது: கொத்தனாருக்கு அது செங்குத்துதான். என் வீட்டுச் சுவரைக் கட்டியவர் அந்தத் தீர்ப்பைப் படித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

இத்தனையையும் நண்பரிடம் இட்லி, சட்னி சகிதம் சொல்லி முடித்தேன். அவருக்குப் பாதி ஏற்கெனவே தெரிந்திருந்தது. "இதெல்லாம் சரி, நுண்ணிய துளிங்கறதை என்ன பண்றது?" என்றார்.

அதற்கு அவரே பதில் வைத்திருந்தார். அமெரிக்கத் தீப் பாதுகாப்புத் தரம் என்.எஃப்.பி.ஏ 750-இல், தண்ணீர்ப் பனி என்றால் பீய்ச்சும் நீரின் கனஅளவில் 99 சதவீதம் 1,000 மைக்ரானுக்குக் குறைந்த துளிகளாக இருக்க வேண்டும். 1,000 மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டர், பொடிக்கடுகு அளவு. துளி சின்னதானால் சட்டென்று ஆவியாகும். ஆவியாகும்போது சூட்டை விழுங்கும். 1,700 மடங்கு விரிந்து நெருப்பைச் சுற்றியுள்ள காற்றையும் நெட்டித் தள்ளும். காட்ஃப்ரேவின் பீப்பாய் செய்ய நினைத்த அதே காரியம், வெடிச் சத்தம் இல்லாமல்.

பத்து நாள் கழித்து, திருத்திய தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். மேற்படி வால்வு காணோம். அதற்குப் பதில் முதல் வரியிலேயே 'ஒரு வால்வு' என்று முறையாக அறிமுகம் ஆகியிருந்தது. மாமாவுக்குப் பத்திரிகையில் இடம் கிடைத்துவிட்டது. 'நுண்ணிய' போய் மைக்ரான் வந்திருந்தது. 'திறம்பட' ஒழிந்தது. 'கணிசமான' கூட ஒழிந்தது. அந்த இடத்தில் 'ஏறத்தாழ' உட்கார்ந்திருந்தது.

ஓட்டை? 'குறைந்தபட்சம் ஓர் ஓட்டை.'

போன் போட்டேன். "அடடா, பதினொண்ணும் அடங்கிடுச்சு, பன்னெண்டும் அடங்கிடுச்சு, இருபத்தொண்ணும் அடங்கிடுச்சே!"

"அதோட விட்டா 1812 பைப்பும் உள்ளே வந்துரும். காங்கிரீவ் முந்திக்கிட்டார்னு தள்ளுபடி பண்ணிருவாங்க. அதான் துளி சைஸ், ஓட்டை சாய்ஞ்சிருக்கிற கோணம், ரெண்டையும் சேர்த்துக் கட்டிட்டேன். விவரணையில பதினோரு ஓட்டைக்கும் தனித்தனியா அளவு, படம், எல்லாம் போட்டாச்சு."

"கோயமுத்தூர்க்காரர் என்ன சொல்றார்? சந்தோஷம்தானே?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணினார் சார். 'எல்லாம் நல்லாத்தானுங் இருக்குது. ஆனா ஒண்ணு… அவன் ஓட்டையே இல்லாம பண்ணிட்டான்னா என்னங் பண்றது?'ங்கறார்."